முப்பத்தோரு மஞ்சள் சீட்டுகள்

எதற்கும் ஒரு சீட்டு கட்டாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் வீட்டுச் சமையலறையில் துவரம்பருப்பு டப்பாவின் மேல் ‘துவரம்பருப்பு’ என்று எழுதி ஒட்டியிருக்கும். டப்பா கண்ணாடி டப்பா. உள்ளே இருப்பது என்னவென்று வாசலில் நிற்கிறவருக்கே தெரியும். ஆனாலும் ஒட்டியிருக்கிறேன். “என் நெத்தி ஒண்ணுதான் பாக்கி, அதுக்கும் நாள் பாத்து வச்சிருப்பே” என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். நான் சிரிக்க மாட்டேன். தினமும் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மனிதருக்கு அந்தக் கேலி செய்ய உரிமை இல்லை.

இது வேலையில் வந்த பழக்கம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் கல்பாக்கத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து அணுமின் நிலையத்தில் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. ஒரு சுவிட்சைத் தொடுவதற்கு முன்னால் அதில் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டிவிட வேண்டும். தொடாதே, ஆள் வேலை செய்கிறார் என்று அதில் இருக்கும். கட்டியவரைத் தவிர வேறு யாரும் அதை அவிழ்க்கக் கூடாது. ஒரு முழ நூலும் ஒரு துண்டு அட்டையும் ஓர் ஆளின் உயிரைக் காக்கும் என்பதை நான் முழுமனதாக நம்புகிறவள். இப்போதும் நம்புகிறேன், மனிதர்கள் விஷயத்தில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார்கள். குடியிருப்புக்குள் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, “சாப்பாட்டுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவு?” என்று கேட்டார்கள். எரிச்சலாக வந்தது. இதை ஒருநாள் எங்கள் ஆபீஸ் பஸ்ஸின் டிரைவரிடம் சொன்னேன். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள். எனக்கு முன் சீட்டு. அதனால் பேச்சு வார்த்தை உண்டு.

“எங்க ஊராண்ட வாங்க மேடம். கழி காஞ்சி கெடக்குது. கண்ணுக்கு எட்டின வரிக்கும் காலி. ஒருத்தன் உங்கள நிறுத்த மாட்டான்” என்றார்.

அவர் ஊர் கடப்பாக்கத்துக்கு இந்தப் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பெரிய உப்புநீர்க் கழி இருக்கிறது. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பங்குனிக்குள் தண்ணீர் வற்றி, கிழக்கே ஓர் ஓடையாகச் சுருங்கிவிடும். மிச்சமெல்லாம் வெளுத்த தரை. உப்பு பூத்து, காலடியில் மொறுமொறுவென்று உடையும். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சும்மா கிடக்கிற இடம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சித்திரை பிறந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, ஸ்கூட்டரைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். கணுக்கால் பிசகிவிடுமோ என்ற பயத்தில் தலையைக் குனிந்தபடி நடந்தேன். தூரத்தில் பத்துப் பதினைந்து பேர் தரைக்குத் தண்ணீர் தெளித்து, களிமண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தலைக்கு மேல் கிறீச்சென்று ஒரு சத்தம். வெள்ளையாக ஒரு சின்னப் பறவை என் நெற்றியைக் குறிவைத்து இறங்கி, ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த துப்பட்டாவை வீசினேன். அடுத்த அடி எடுத்து வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். என் செருப்புக்கு முன்னால், மாட்டுக் குளம்படி அளவு ஒரு குழியில், இரண்டு முட்டைகள். மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளிகள். புல் இல்லை, குச்சி இல்லை, பஞ்சு இல்லை. வெறும் தரையில் வைத்திருந்தது.

“அப்படியே நில்லுங்க மேடம்!” என்று கத்திக்கொண்டு டிரைவர் ஓடிவந்தார். பஸ்ஸில் காக்கிச் சட்டையில் பார்த்தவரை அரைக்கால் சட்டையில் அடையாளம் தெரியவே ஒரு நிமிடம் ஆனது. “பாத்து வெய்யுங்க. நேத்து நம்ம பையன் ஒருத்தன் ஒண்ண மிதிச்சிட்டு ரெண்டு வேள சோறு துன்னல.”

அது ஆலா, மீன் பிடித்துத் தின்கிற கடலோரப் பறவை. சின்ன ஆலா என்று பிறகு நூலகத்துப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். அதே தரையில் பவளக்காலிகளும் உப்புக்கொத்திகளும்கூட முட்டை வைத்திருந்தன. எனக்குத் தெரிந்த பறவைகள் எல்லாம் மேலே பார்க்க வேண்டியவை. வேடந்தாங்கலில் மரத்தைப் பார்ப்போம். திருக்கழுக்குன்றத்தில் மலையேறி, கழுகு வருமா என்று வானத்தைப் பார்ப்பார்கள். குனிந்து பார்க்க வேண்டிய பறவை ஒன்று உண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கு மரம் வேண்டாம், நிழல் வேண்டாம். நாலு பக்கமும் எதிரி வருவது தெரிகிற மொட்டைத் தரை வேண்டும். எட்டிய தூரத்தில் குஞ்சுக்குக் கொடுக்கிற அளவு சின்ன மீன் வேண்டும். தண்ணீர் வற்றி மழை வருவதற்குள் இரண்டு மாதம் வேண்டும். நாங்கள் சும்மா கிடக்கிறது என்று சொன்ன இடம் அதற்குப் பிரசவ வார்டு.

சங்கடம் என்னவென்றால், அந்த இரண்டு மாதம் இன்னொரு கூட்டத்துக்கும் வேண்டியிருந்தது. டிரைவர்தான் அவர்கள் ஊர் கிரிக்கெட் டீமின் கேப்டன். வருடா வருடம் மே மாதம் சுற்று வட்டாரத்து எட்டு ஊர் டீம்களைக் கூப்பிட்டு அந்தத் தரையில்தான் கோப்பை நடத்துவார்கள். அன்றைக்கு அவர்கள் இடித்துக்கொண்டிருந்தது பிட்ச். அதைச் சுற்றித்தான் முட்டைகள்.

அடுத்த நாள் பஸ்ஸில் கேட்டேன். “தம்பி, இந்த வருஷம் மட்டும் வேற இடத்துல வச்சுக்கக் கூடாதா?”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“வேற எடம் இன்னா மேடம் கீது?” என்றார். “எங்க அப்பா காலத்துல ஊர் மைதானத்துல எங்களுக்கு எடம் கெடையாது. நெலத்துல வேல செய்யலாம், வெளையாடக் கூடாது. நாங்க எங்க தெருவுலதான் ஆடுவோம். ரெண்டு பக்கமும் வூடு. ஓட்டு மேல பட்டா ஒடஞ்சத பொறுக்கணும். அதனால எங்க ரூலு, வூட்டுக்குள்ள அடிச்சா அவுட்டு. அந்த ரூலால நாங்க யாருமே தூக்கி அடிக்கக் கத்துக்கல. தரையோட தரையா தட்டிகினே இருப்போம். இந்தக் கழிக்கு வந்தப்பாலதான் சிக்ஸு அடிச்சோம். எவ்ளோ தூரம் வேணா அடிக்கலாம், வூடே கெடையாது.”

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கே வெட்கமாக இருந்திருக்கும். அந்த வார இறுதியில் அவரே சொன்னார்: கோப்பையை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பைக்கை யாரும் கழிக்குள் இறக்கக் கூடாது என்றும் பேசி முடித்தாயிற்று. ஜூலையில் சாயங்கால மழை தொடங்கினால் தரை சேறாகிவிடும், அதற்கு மேல் தள்ள முடியாது. “முட்டை பொரிக்க மூணு வாரம்னு நீங்கதான சொன்னீங்க. மூணுக்கு ஆறாவே குடுத்துட்டோம்” என்றார். மிதித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்த அந்தப் பையன்தான் அதிகம் வாதாடினானாம். எனக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சர்க்கரை இறங்கியிருக்கும்.

இத்தோடு நான் வீட்டில் இருந்திருக்கலாம்.

அவர்கள் இவ்வளவு விட்டுக்கொடுத்தபோது நான் ஏதாவது செய்ய வேண்டாமா? செய்தேன். மஞ்சள் பிளாஸ்டிக் ஃபைல்களை வாங்கி, நீள்சதுரமாக வெட்டி, ஓட்டை போட்டு, ஒவ்வொன்றிலும் அழியாத மையில் எண் எழுதினேன். கீழே ‘முட்டை உள்ளது. மிதிக்காதீர்’. முழ உயரக் குச்சிகளில் கட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் கழி முழுவதும் குனிந்து தேடி, கூடுகளைக் கண்டுபிடித்து நட்டேன். முப்பத்தோரு கூடுகள். குச்சி கூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் பறவை மிரளும் என்று, ஒவ்வொன்றையும் கூட்டுக்கு மேற்கே சரியாக ஒரு முழம் தள்ளி நட்டேன். கையால் அளந்து நட்டேன். முடித்துவிட்டுக் கரை மேட்டில் நின்று பார்த்தபோது வரிசையாக மஞ்சள் சீட்டுகள் காற்றில் ஆடின. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் இதுதான் சிறந்தது என்று தோன்றியது.

கேப்டன் ஒரு சீட்டைப் பிடித்து வாசித்தார். “குருவிக்கு ஒண்ணும் பேஜாரு இல்லியே மேடம்?”

“இது மனுஷங்களுக்குத் தம்பி. குருவி படிக்குமா?”

“நல்லாத்தான் கீது” என்றார். ஆனால் சீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

அடுத்த ஞாயிறு போனபோது பதினோரு குழிகள் காலி. உடைந்த ஓடுகூட இல்லை. வெறும் குழி, பக்கத்தில் என் சீட்டு. டீம் ஆட்களும் வந்து பார்த்தார்கள். தரையெங்கும் நாயின் காலடி இருந்தது. கழியின் கரையில் ஒரு அக்கா கருவாடு காயப்போடுவார். அவரிடம் செம்மண் நிறத்தில் ஒரு செம்மி நாய். காக்கையையும் பூனையையும் விரட்டுவதற்காக வளர்த்தது. அது கழிக்குள் சுற்றுவது எல்லோருக்கும் தெரியும்.

“நாய்தான்” என்று முதலில் சொன்னது யார்? நான்தான். அதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை.

அந்த அக்காவிடம் போய்க் கேட்டோம். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்நாயி மீனத் தவிர எத்தயும் வாயில வெக்காது. பச்ச முட்டைய மோந்துகூடப் பாக்காது. யாரு பாத்தீங்க? நீ பாத்தியா?”

“காலடி இருக்குதே அக்கா.”

“உன் காலடியுந்தான் கீது!”

அந்த வார்த்தை அன்றைக்கு எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. கேப்டன் நயமாகப் பேசி, நாயைப் பனைமட்டைப் பந்தலின் காலில் கட்ட வைத்தார். நாய் ஊளையிட்டது. அந்த அக்கா நாள் முழுவதும் தானே கம்பை வைத்துக்கொண்டு காக்கை விரட்டினார். பத்து நாள் நாய் கட்டியபடியே கிடந்தது. அந்தப் பத்து நாளிலும் முட்டைகள் போய்க்கொண்டேதான் இருந்தன.

மே மாத நடுவில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, விடியும்போதே போய்க் கரை மேட்டில் உட்கார்ந்தேன். மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற கடையில் என் வீட்டுக்காரர் வாங்கிய பைனாகுலர் ஒன்று இருந்தது. ஒரு கண்ணில்தான் சரியாகத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

ஆறு மணிக்கு ஒரு காக்கை வந்தது. பறந்து தேடவில்லை. இறங்கி நடந்தது. பதினான்காம் எண் குச்சிக்குப் போனது. அங்கே ஏற்கெனவே காலி. பதினைந்தாம் எண்ணுக்குப் போனது. குச்சியின் அடியில் நின்று, தலையைத் திருப்பி, கிழக்கே நடந்தது. ஒரு முழம். சரியாக ஒரு முழம். குனிந்தது. ஆலாக்கள் இரண்டும் அதன் முதுகில் மாறி மாறி விழுந்து அடித்தன. காக்கை ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டதோடு சரி. அங்கே மிஞ்சியிருந்த ஒரே முட்டையை அலகில் எடுத்துக்கொண்டு சவுக்குத் தோப்பை நோக்கிப் பறந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மின்சார மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர் மாதிரி, பதினாறாம் எண்ணுக்குப் போனது.

நான் எழுந்து ஓடினேன். கணுக்கால், சர்க்கரை எதுவும் நினைவில் இல்லை. குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். முப்பத்தொன்றையும் பிடுங்கி முடித்தபோது, பதினாறையும் சேர்த்து, முட்டை மிஞ்சிய குழி ஒன்றுகூட இல்லை. அந்தக் குழிகளைத் தாண்டி, ஓடைக் கரையில் உமரிச் செடிகளுக்கு நடுவில் மூன்று ஆலாக்கள் அடை உட்கார்ந்திருந்தன. அவை என் கண்ணில் படாமல் போன கூடுகள். நான் கண்டுபிடிக்காததால் பிழைத்தவை. அங்கேயே உப்புத் தரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். திரும்பும்போது கருவாட்டுப் பந்தலில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து குச்சிகளைக் குளியலறையில் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கேலி செய்யவில்லை. “பறவை திரும்ப முட்டை வைக்காதா?” என்று மட்டும் கேட்டார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். முதல் ஈட்டு முட்டைகள் போனால் சில பறவைகள் இரண்டாவது முறை வைக்கும் என்று இருந்தது.

வைத்தன. இரண்டு வாரத்தில், சாலையோரம் நின்று பைனாகுலரில் பார்த்தேன். கழிக்குள் காலை வைக்கவில்லை. இந்த முறை அவை தரை முழுவதும் பரவவில்லை. கிழக்கே ஓடைக்குப் பக்கத்தில் இருந்த மணல் மேட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எத்தனை என்று எண்ணுவதற்குக் கை துறுதுறுத்தது. எண்ணவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த முட்டைகள் பொரிப்பது ஜூன் நடுவில். குஞ்சு பறப்பதற்கு ஜூலை ஆகும். கோப்பை ஜூனில். அந்த மேடு பிட்ச்சுக்கு நேர் எதிரே, எல்லைக்கோட்டுக்கு உள்ளே.

ஊரில் என்ன பேச்சு என்றால், நாய் எல்லாவற்றையும் தின்றுவிட்டது, இனிமேல் தள்ளிப்போட அவசியம் இல்லை, ஜூன் முதல் வாரமே வைத்துவிடலாம் என்பது. பேனருக்குச் சொல்லியாயிற்று.

நான் சும்மா இருந்திருந்தால் நாயின் மேல் பழி நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் முட்டைகள் போனது என்னால் என்று சொல்லாமல், இரண்டாம் முட்டைகளுக்காக எந்த வாயால் கேட்பது? இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. என்னைப் போல மற்றவர் தவற்றைச் சுட்டிக்காட்டியே காலம் தள்ளிய ஆளுக்கு, இது பழகாத வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாலையோர டீக்கடையில் டீம் முழுவதும் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கருவாட்டு அக்காவும் டீ வாங்க வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நின்றபடியே சொன்னேன்.

“முட்டையை நாய் தின்னலை. காக்கா தின்னுச்சு. நான் கட்டுன சீட்டைப் பாத்துப் பாத்துத் தின்னுச்சு. நான் கட்டாம இருந்திருந்தா அதுக்குத் தெரிஞ்சிருக்காது. தப்பு என்னோடது.”

இட்லியைப் பிட்ட கைகள் அப்படியே நின்றன. கேப்டன் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேட்டுல மறுபடியும் முட்டை வச்சிருக்கு. ஜூலை வரைக்கும் ஆகும். கேக்கறதுக்கு எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேக்கறேன்.”

“இப்ப நிச்சியமா பொரிக்குமா?” என்று ஒருவர் கேட்டார்.

“தெரியாது.”

அந்த வார்த்தையை நான் வேலையில் சொன்னதே கிடையாது.

கேப்டன் எழுந்து கை கழுவினார். “நாங்க ஒரு எடத்த வுட்டுக் குடுத்தோம் மேடம். எங்களாண்ட இருந்ததே அது ஒண்ணுதான்” என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கருவாட்டு அக்கா மட்டும் நின்றார். “எந்நாயி பத்து நாளு கட்டுல கெடந்துது” என்றார்.

“மன்னிச்சிருங்க அக்கா. நான் பாக்காமயே சொல்லிட்டேன்.”

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது, அத்தாண்ட சொல்லு.” பந்தலுக்குக் கூட்டிப்போனார். நான் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி நாயின் முன்னால் வைத்தேன். அது மோந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது. “சொன்னேன் பாத்தியா, மீனத் தவிர எத்தயும் வாயில வெக்காது” என்றார் அந்த அக்கா. அவர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் பஸ்ஸில் கேப்டன் என்னோடு பேசவில்லை. நான் ஏறும்போது “வாங்க மேடம்” என்று சொல்வதும் நின்றது. கண்ணாடியைக்கூடக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். முன் சீட்டில் உட்காரக் கூச்சமாக இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்தேன். கோப்பை என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரவில்லை. பேனர் மட்டும் சாலையில் தெரிந்தது. ஜூன் மூன்றாவது ஞாயிறு. கழி மைதானம். சாலையிலிருந்து பைனாகுலரில் பார்த்தபோது மேட்டில் முட்டைகள் பொரிக்கத் தொடங்கியிருந்தன. வெயில் ஏறினால் ஆலாக்கள் ஓடைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, குஞ்சுகளின் மேல் நிழலாக நின்றன. குஞ்சு அசையாவிட்டால் மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஓடுகிற ஆளின் கால் ஒன்று போதும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் இறங்கும்போது கேப்டன் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். “ஞாயித்துக்கெயம காலைல ஆறு மணிக்கு வாங்க. நோட்டு, பேனா எடுத்துகினு வாங்க. ஸ்கோரு எயுத ஆளு இல்ல.”

மறுக்க முடியுமா? போனேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனேன்.

பிட்ச் பழைய இடத்தில் இல்லை. சாலைப் பக்கமாகத் தள்ளி, புதிதாகக் களிமண் இடித்துத் தென்னைநார்ப் பாய் விரித்திருந்தார்கள். கிழக்கே மேட்டுக்கு வெகு முன்னால், மைதானத்தின் குறுக்கே பழைய வலைக்கயிறு ஒன்று தரையோடு கிடந்தது. கயிற்றின் ஓரத்தில் கருவாட்டு அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாய், கழுத்தில் கயிற்றோடு. “நானேதான் கட்டிகினு வந்தேன். உன்னால இல்ல” என்று என்னிடம் சொன்னார். மேட்டுக்கு மேல் ஆலாக்கள் வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தன.

டாஸ் போடுவதற்கு முன் கேப்டன் எட்டு டீம்களையும் கூப்பிட்டு நிறுத்தினார். “ஒம்பது மணிக்கு மேல ஆட்டம் கெடையாது, மிச்சம் அடுத்த வாரம். அந்தக் கயித்துக்கு அப்பால யாரும் கால வெக்கக் கூடாது. பந்து போனா போச்சு, வேற பந்து. அந்தப் பக்கம் வூடு. வூட்டுக்குள்ள அடிச்சா அவுட்டு.”

வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். “அண்ணாத்த, அங்க எங்க வூடு கீது?” என்றான் ஒருவன்.

“கீது. ஆளுங்க கீறாங்க” என்றார்.

நான் நோட்டில் கோடு போடுவதைப் போலக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தால் மை கலைந்துவிடும்.

இரண்டு ஞாயிறும் நடுவில் ஒரு சனியும் ஆடினார்கள். எல்லோரும் மேற்கே பார்த்து அடிக்கப் பழகிக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊர். ஆமாம், எங்கள் ஊர் என்றுதான் வருகிறது. கடைசி மூன்று பந்தில் ஏழு ரன் வேண்டும். கேப்டன் பத்தொன்பதில் ஆடிக்கொண்டிருந்தார். பந்து உயரம் குறைந்து, அடிக்க வசதியாக வந்தது. நாற்பதைத் தாண்டிய மனிதர், யோசிப்பதற்குள் அவர் கை முந்திக்கொண்டது. முழுக்கையும் வீசித் தூக்கி அடித்தார். அவ்வளவு அழகான அடியை நான் பார்த்ததில்லை. பந்து கிழக்கே ஏறி, கயிற்றைத் தாண்டி, மேட்டுக்கு இந்தப் பக்கம் மணலில் விழுந்தது. ஆலாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து கத்தின. ஒரு வட்டம் சுற்றின. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி உட்கார்ந்தன.

ஊர் முழுவதும் விசில் அடித்தது. ஒரு கணம்தான். பிறகு எல்லோருக்கும் நினைவு வந்தது.

எதிர் டீம் கேப்டன் ஓடிவந்தார். “அண்ணாத்த, அது சிக்ஸுதான். நாங்க ஒத்துக்கறோம். நீங்க ஆடுங்க.”

எங்கள் கேப்டன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்தார். அடுத்து வந்தவர்கள் நாலு ரன் எடுத்தார்கள். ஆட்டம் போய்விட்டது.

என் மேசையைக் கடக்கும்போது அவர் நிற்கவில்லை. நோட்டில் அவருடைய பத்தொன்பதுக்குப் பக்கத்தில், எப்படி அவுட் ஆனார் என்று எழுதுவதற்கு ஒரு கட்டம் போட்டிருந்தேன். மேலே உள்ள வரிகளில் போல்டு, கேட்ச், ரன் அவுட் என்று இருந்தது. யாரையும் கேட்காமல் அந்தக் கட்டத்தில் ‘வீடு’ என்று எழுதினேன்.